விடைபெற்ற வீரருக்கு மீண்டும் சீருடை

கால்பந்துக் கிளப் ஒன்று தன் அணியிலிருந்து விடுவித்த வீரரை ஓரிரு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா என்னும் கேள்வி எழும்போதெல்லாம், பழைய கோல்களை மறக்காத ரசிகரின் ஆசையும், ஊதியப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மேலாளரின் கணக்கும், வீரரின் முழங்காலையும் கணுக்காலையும் சோதித்துப் பார்க்கும் மருத்துவரின் சான்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இம்மூன்றில் எது வெல்கிறது என்பதைப் பொறுத்தே அந்த ஒப்பந்தம் நல்லதாகவோ வீணாகவோ முடிகிறது. பெரும்பாலான கிளப்புகளில் முதலாவதே வென்றுவிடுகிறது என்பதுதான் வருந்தத்தக்க நடைமுறை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தொழில்முறைக் கால்பந்துக் கிளப் ஏதும் இல்லை. ஆனால் அரியலூரிலிருந்து கார்டு லைன் வழியாக ரயிலிலும், பெரம்பலூரிலிருந்து திருச்சி–சென்னை நெடுஞ்சாலை வழியாகப் பேருந்திலும் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய சென்னையில், 2014-இல் தொடங்கி இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் 2015, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணி இருக்கிறது, இக்கேள்வியை ஆராய அந்த அணியின் அண்மைக்கால வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று தமிழ்நாட்டில் வேறில்லை. பிரிவதும் சேர்வதும் இவ்விரு மாவட்டங்களின் மக்களுக்குப் புதியனவும் அல்ல. பெரம்பலூரிலிருந்து 2001-இல் தனி மாவட்டமாகப் பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் தனி மாவட்டமானதால், ஒன்றை விடும்போதும் திரும்ப எடுத்துக்கொள்ளும்போதும் காரணம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை இவ்வட்டாரம் தன் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியே அறிந்திருக்கிறது.

விடுவிப்பு என்ற சொல் பலவகைப் பிரிவுகளை ஒரே பெயரில் அடக்கிவிடுவதால், முதலில் அதைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் கிளப் அதைப் புதுப்பிக்காமல் விடுவது ஒருவகை. காலம் முடியும் முன்பே கிளப்பும் வீரரும் ஒப்புக்கொண்டு உடன்படிக்கையை முறித்துக்கொள்வது இன்னொரு வகை. கிளப் வைத்துக்கொள்ள விரும்பியும் வீரர் அதிக ஊதியத்தையோ பிடித்த பயிற்சியாளரையோ நாடிப் போய்விடுவது மூன்றாவது வகை. இதை விடுவிப்பு என்று சொல்வது பொருந்தாவிட்டாலும் செய்தித்தாள்கள் அப்படியே எழுதுகின்றன. பெல்ஜிய வீரர் ஜான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு கிளப்பில் சேரும்போது பழைய கிளப்புக்கு இடமாற்றுக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்று உறுதிசெய்தது. அந்த நெறியே பின்னர் உலகெங்கும் பரவியதால், இன்று ஒப்பந்தம் முடிந்த வீரர் எவரும் கட்டுப்பாடற்ற வீரர், அதாவது ஃப்ரீ ஏஜென்ட், என்ற நிலையை அடைந்து எந்தக் கிளப்புடனும், தன்னை விட்ட கிளப்புடனும்கூட, கட்டணமின்றிச் சேரலாம். பழைய வீரரைத் திரும்ப அழைக்கும் யோசனை கிளப்புகளுக்கு இவ்வளவு எளிதாகத் தோன்றுவதற்கு இந்தக் கட்டணமின்மையே முதற்காரணம். வீரர் தெரிந்தவர், ஊர் தெரிந்தவர், விலையும் இல்லை என்ற மூன்றும் சேரும்போது, அவர் ஏன் விடப்பட்டார் என்ற நான்காவது செய்தி கண்ணில் படாமலே போய்விடுகிறது.

சென்னையின் அணியின் 2019–20 சீசன் இதற்கு நல்ல தொடக்கம். ஜான் கிரெகரியின் பயிற்சியில் மிக மோசமாகத் தொடங்கிய அந்த அணியை, 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல், எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறித்து விரைந்து தாக்கும் பாணிக்கு மாற்றி, 2020 மார்ச் 14 அன்று கோவாவின் ஃபடோர்டா அரங்கில் பார்வையாளர்கள் இல்லாமல் நடந்த இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். அதில் ஏ.டி.கே. அணியிடம் 3–1 என்று தோற்றபோதிலும், லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் 32 கோல்கள் அடித்த அந்த அணியின் தாக்குதல் இரண்டு பேரைச் சுற்றியே அமைந்திருந்தது. லித்துவேனியாவைச் சேர்ந்த முன்கள வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி விருது பெற்றார். பிரேசிலைச் சேர்ந்த நடுக்கள வீரர் ரஃபேல் கிரிவெல்லாரோ 7 கோல்கள் அடித்ததோடு, சக வீரர்களின் 8 கோல்களுக்கு நேரடியாக வழியமைத்தும் தந்தார். நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் இடைப்பட்ட சிறிய வெளியில் முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, இடது காலின் ஒரே தொடுதலில் உடலைத் திருப்பி, தற்காப்பு வீரர்களுக்குப் பின்னால் ஓடத் தொடங்கும் வால்ஸ்கிஸின் ஓட்டத்தைப் பார்த்துப் பந்தைச் சரியாக அங்கே வைக்கும் கிரிவெல்லாரோவின் திறமைதான், சென்னை ரசிகர்கள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்ட காட்சி.

அந்தக் கூட்டணி அடுத்த சீசனுக்குள் கலைந்துவிட்டது. கோய்ல் 2020-இல் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். சென்னையில் தங்கி அணித்தலைவரான கிரிவெல்லாரோ 2020 டிசம்பரில் கணுக்காலில் காயமடைந்து சீசனின் எஞ்சிய பகுதி முழுவதையும் இழந்தார். விளைவாக 2020–21-இல் சென்னையின் அணி 20 ஆட்டங்களில் 17 கோல்களே அடித்து, 11 ஆட்டங்களைச் சமனில் முடித்து, எட்டாவது இடம் பெற்றது. இருவரில் ஒருவர் தானே விலகிப் போனவர், மற்றவர் காயத்தால் களத்தை இழந்து பின்னர் கிளப்பைப் பிரிந்தவர் என்ற வேறுபாட்டை வாசகர் நினைவில் கொள்வது நல்லது. ஏனெனில் சென்னையின் அணி பின்னர் இருவரையுமே திரும்ப அழைத்தது, ஆனால் அவ்விரண்டு அழைப்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல.

வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில், சீசனின் நடுவில், ஜாம்ஷெட்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பினார். அவர் விட்டுப்போன அணிக்கும் அவர் திரும்பிவந்த அணிக்கும் பெயரும் நீலச் சீருடையும் மட்டுமே பொதுவாக இருந்தன. கோய்ல் அங்கே இல்லை. பயிற்சியாளர் பொஸிதார் பாந்தோவிச் வேறு பாணியில் ஆடவைத்தவர், அவரும் 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5–0 என்ற தோல்விக்குப் பிறகு நீக்கப்பட்டார். பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் அந்த சீசன் ஆட்டங்கள் முழுவதும் கோவாவிலேயே நடந்ததால், மெரினா அரீனா என்று அழைக்கப்படும் சென்னை நேரு விளையாட்டரங்கின் ஆரவாரமும் அவருக்குக் கிடைக்கவில்லை. இவற்றைவிட முக்கியமான மாற்றம் விதியில் நிகழ்ந்திருந்தது: 2019–20-இல் ஓர் அணி ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டு வீரர்களைக் களத்தில் இறக்கலாம் என்றிருந்தது, 2021–22 முதல் நான்காகக் குறைக்கப்பட்டது. ஐந்து இடங்கள் இருந்தபோது கோல் அடிப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவரைத் தாங்கிப்பிடிக்க மற்ற நால்வர் இருந்தனர். நான்கு இடங்களாகச் சுருங்கியபோது, பந்தில்லாத நேரத்திலும் உழைக்கக்கூடிய, இரண்டு வேலைகள் பார்க்கக்கூடிய வீரரே அணிக்குத் தேவைப்பட்டார், வால்ஸ்கிஸுக்கோ அப்போது வயது முப்பத்து நான்கு. அந்த சீசனிலும் சென்னையின் அணி 17 கோல்களோடு எட்டாவது இடத்திலேயே நின்றுவிட்டது.

இதே ஜனவரியில் மறுபக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடம் முழுமை பெறும். வால்ஸ்கிஸை அனுப்பிய ஜாம்ஷெட்பூர், ஈஸ்ட் பெங்கால் அணி விடுவித்திருந்த நைஜீரிய முன்கள வீரர் டேனியல் சீமா சுக்வுவை எடுத்துக்கொண்டது; ஈஸ்ட் பெங்காலில் கோலுக்குத் திணறிய சீமா, கோய்லின் அணியில் ஒன்பது ஆட்டங்களில் ஏழு கோல்கள் அடிக்க, ஜாம்ஷெட்பூர் 43 புள்ளிகளுடன் லீக் பட்டியலில் முதலிடம் பெற்றுக் கேடயத்தை வென்றது. ஓர் அணி பழைய நினைவை நம்பி எடுத்தது, மற்றோர் அணி தன் பாணிக்கு இன்று தேவைப்படும் வேகத்தையும் உடல்வலிமையையும் தேடி எடுத்தது. சீமா அதற்கு முன் அந்தக் கிளப்பில் ஒரு நாளும் ஆடியதில்லை.

கிரிவெல்லாரோவின் திரும்புதல் வேறு விதமானது. ஓவன் கோய்ல் 2023-இல் மீண்டும் சென்னையின் பயிற்சியாளரானார், அதே ஆண்டில் கிரிவெல்லாரோவும் மீண்டும் ஒப்பந்தம் செய்யப்பட்டார். அவரைச் சென்னையிலிருந்து பிரித்த காரணங்களுள் தலையானது காயம், அது ஆறியிருந்தது. அவருடைய ஆட்டத்தை நன்கு பயன்படுத்திய பயிற்சியாளர் இல்லாமல்போனது அடுத்த காரணம், அவரே திரும்பியிருந்தார். முப்பத்து நான்கு வயதில் பழைய வேகம் இருக்காது என்றாலும், அவருடைய ஆட்டம் என்றைக்குமே ஓட்டவேகத்தை நம்பியதில்லை, பார்வையையும் தொடுதலையும் நம்பியது; அவை மெதுவாகவே தேய்பவை. தொடர்ந்து மூன்று சீசன்கள் எட்டாவது இடத்தில் முடிந்த சென்னையின் அணி, 2023–24-இல் ஆறாவது இடம்பெற்று, 2020-க்குப் பிறகு முதல்முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, 2024 ஏப்ரல் 20 அன்று கோவாவிடம் 2–1 என்று தோற்று வெளியேறியது. இந்த முன்னேற்றத்தை ஒரே வீரரின் கணக்கில் எழுதுவது முறையாகாது. அது முதன்மையாகப் பயிற்சியாளரின் உழைப்பு. ஆனால் திரும்ப அழைக்கப்பட்ட அந்த வீரர் அணிக்குச் சுமையாக இருக்கவில்லை என்பதும், ஒரு சீசனோடு அந்த உறவு கசப்பின்றி நிறைவுற்றது என்பதும் கவனிக்கத்தக்கன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் அளவுகோல் எளியது. வீரர் முன்பு எத்தனை கோல் அடித்தார் என்று கேட்பதற்கு முன், அவர் ஏன் போனார், போகச்செய்த அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காரணம் நீங்கியிருந்தால் அழைக்கலாம். நீங்காமல் இருந்தால், அல்லது அவர் சிறப்பாக ஆடியபோது அவரைச் சூழ்ந்திருந்தவை எல்லாம் நீங்கியிருந்தால், அழைக்கக் கூடாது.

உலகக் கால்பந்திலும் இந்த அளவுகோல் பெரும்பாலும் பொருந்திவருகிறது. மான்செஸ்டர் யுனைடெட் 2012-இல் ஒப்பந்தம் முடிந்து யுவென்டசுக்குப் போகவிட்ட பால் போக்பாவை, 2016-இல் 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கி, 2022-இல் மறுபடியும் கட்டணமின்றி அதே யுவென்டசுக்குப் போகவிட்டது. இளைஞரை நம்பிக் களம் தரத் தயங்கிய பிழைக்கு அந்தக் கிளப் இருமுறை விலை கொடுத்தது. செல்சி 2011-இல் டேவிட் லூயிஸை வாங்கும் பேரத்தில் பென்ஃபிகாவுக்குக் கொடுத்துவிட்ட செர்பிய நடுக்கள வீரர் நெமஞ்சா மாட்டிச்சை 2014 ஜனவரியில் 21 மில்லியன் பவுண்டுக்குத் திரும்ப வாங்கி, அடுத்த சீசனில் லீக் பட்டம் வென்றது. அவர் முதிராத வீரராக அனுப்பப்பட்டார், முதிர்ந்து திரும்பினார், ஆகவே காரணம் நீங்கியிருந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோ 2021-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பியது மட்டும் நினைவின் வலிமையால் நடந்த ஒப்பந்தம் என்றே கொள்ள வேண்டும். அது 2022 நவம்பரில் மனக்கசப்போடு முறிந்தது.

இந்தியாவுக்குள் இன்னொரு சான்று கேரளத்தில் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த இயன் ஹியூம் 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்று, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வாகியும், அடுத்த இரண்டு சீசன்களைக் கொல்கத்தாவில் ஆடி, 2017-இல் கொச்சிக்குத் திரும்பினார். சில வாரங்கள் கோலின்றித் தவித்த அவர், 2018 ஜனவரி 10 அன்று டெல்லி டைனமோஸுக்கு எதிராகத் தலையில் கட்டோடு ஆடி மூன்று கோல்கள் அடித்தபோது, அவரை அழைத்தது சரியென்றே அனைவரும் ஏற்றுக்கொண்டனர். அடுத்த சில வாரங்களில் முழங்கால் காயம் அவருடைய சீசனை முடித்துவைத்தது. முப்பது வயதைக் கடந்த வீரரைத் திரும்ப எடுக்கும் கிளப், அவருடைய திறமையோடு அவருடைய மூட்டுகளின் வயதையும் சேர்த்தே வாங்குகிறது.

ஆகவே மருத்துவச் சோதனை இத்தகைய ஒப்பந்தத்தில் சடங்காக நடக்கக் கூடாது. முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வீரர் பொதுவாக ஒன்பது மாதங்களுக்குப் பிறகே போட்டிக்குத் தகுதியானவராகக் கருதப்படுகிறார். அப்போதும் ஒற்றைக் காலில் தாவச்சொல்லி, காயமடைந்த கால் தாண்டும் தொலைவு நல்ல காலின் தொலைவில் 90 விழுக்காட்டையாவது எட்டுகிறதா என்று இயன்முறை மருத்துவர்கள் அளந்து பார்க்கின்றனர். தாங்குதிறனை அறிய யோ-யோ சோதனை இருக்கிறது. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, ஒலிநாடாவில் பீப் ஒலி எழும்போது ஓடத் தொடங்கி, அடுத்த ஒலிக்குள் எதிர்க் கூம்பைத் தொட்டுத் திரும்பி, மூன்றாம் ஒலிக்குள் புறப்பட்ட இடம் சேர்ந்து, பத்து விநாடி மெல்ல நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் ஓட வேண்டும்; ஒலிகளுக்கிடையே உள்ள நேரம் படிப்படியாகக் குறைய, இரண்டாம் முறையாகத் தவறவிடும் இடத்தில் சோதனை முடிகிறது. மாவட்ட விளையாட்டரங்கின் மண் தரையில் சில கூம்புகளும் ஒரு கைபேசியும் இருந்தால் இச்சோதனையை நடத்திவிடலாம் என்பதால், பணமில்லை என்ற சாக்கு எந்த அணிக்கும் இல்லை. கடைசிச் சுற்றுகளில் திரும்பும் கால் எது என்று அருகில் நின்று பார்த்தால், பழைய காயத்தை மறைக்கும் வீரர் எப்போதும் ஒரே காலை ஊன்றித் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். எந்தச் சான்றிதழும் அதைவிட உண்மை பேசாது.

விடுவிக்கப்பட்டவர் எல்லாம் திறமை குறைந்தவர் என்ற எண்ணமும் களையப்பட வேண்டியது. இந்தியன் சூப்பர் லீக் தொடர்ந்து நடக்குமா என்பதே உறுதியற்றுப்போன 2025 ஆகஸ்டில், சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட கிளப்புகள் தங்கள் செயல்பாடுகளையும் ஊதியத்தையும் நிறுத்திவைத்தபோது பாதிக்கப்பட்ட வீரர்களின் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. அத்தகைய காலத்தில் அணியை இழந்த வீரரைப் பின்னர் அழைத்துக்கொள்வது சலுகையாகாது, கடமையே ஆகும்.

எதிர்ப்பக்கத்தில் வைக்கப்படும் வாதங்களுள் வலுவானது இளைஞர்களைப் பற்றியது. திரும்பிவரும் ஒவ்வொரு வீரரும் ஏதோ ஓர் இடத்தில் அமர்கிறார். அந்த இடத்துக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பத்தொன்பது வயது இளைஞர் மாற்று வீரர்களுக்கான இருக்கையில் மேலும் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு வீரர்களுக்கான இடத்தில் இன்னொரு வெளிநாட்டவர் வருவதால் இந்தச் சேதம் குறைவு. ஆனால் இந்திய வீரரைத் திரும்ப அழைக்கும்போது, அதே இடத்தில் ஆடும் இளையவர் யார், அவருக்கு எத்தனை நிமிடங்கள் குறையும் என்று பயிற்சியாளர் எழுத்தில் கணக்கிட்ட பிறகே முடிவெடுப்பது நியாயம். அணி வீரர்களின் உடைமாற்றும் அறையில் முன்பு பிளவு உண்டாக்கியதற்காக விடுவிக்கப்பட்டவரை, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும், அதே தலைமை இருக்கும்வரை அழைக்காமலிருப்பதே நன்று.

இந்த ஆய்வு பெரிய கிளப்புகளுக்கு மட்டும் உரியதன்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பள்ளி, கல்லூரி, ஊர் அணிகளிலும் ஒப்பந்தத்தாள் இல்லாமலே இதே கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. சிமெண்ட் ஆலை வேலையில் மாறிமாறி வரும் ஷிப்ட்டால் பயிற்சிக்கு வரமுடியாமல் நின்றுபோனவரும், லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய் விடுப்பில் திரும்பியவரும், தேர்வுக்காக வீட்டார் நிறுத்திவைத்த மாணவரும் மீண்டும் மைதானத்துக்கு வந்து நிற்கும்போது, ஊர்ப் பாசத்தால் உடனே பதினொருவரில் ஒருவராகச் சேர்ப்பதும், ஒருமுறை போனவன் போனவன்தான் என்று திருப்பி அனுப்புவதும் சம அளவில் தவறானவை. வேலை நேரம் மாறியவருக்குக் காரணம் நீங்கிவிட்டது, அவரைச் சோதித்துச் சேர்க்கலாம். ஒரு மாத விடுப்பில் வந்தவருக்குக் காரணம் நீங்கவில்லை; நட்பு ஆட்டங்களில் அவருக்கு இடம் தந்து, போட்டித் தொடரை ஆண்டு முழுவதும் உழைத்தவர்களுக்கு விட வேண்டும். தேர்வுக்காக நின்ற மாணவரை எந்தத் தயக்கமும் இன்றி அழைத்துக்கொள்ள வேண்டும்.

அழைக்கத் தீர்மானித்தபின் செய்ய வேண்டியவை சில உள்ளன. ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு மேல் போகக் கூடாது, ஆடிய ஆட்டங்களைப் பொறுத்து நீட்டிக்கும் விதியை மட்டும் சேர்க்கலாம். பழைய எண் சீருடையையும் அணித்தலைமையையும் முன்கூட்டியே வாக்களிக்கக் கூடாது. இவற்றைவிட அடிப்படையான பணி ஒன்று வீரர் பிரியும் நாளிலேயே தொடங்க வேண்டும். காரணம் காயமா, ஊதியமா, ஒழுங்கா, பாணி மாற்றமா, குடும்பமா என்பதைப் பயிற்சியாளர் தேதியோடு இரண்டு வரியில் பதிவேட்டில் எழுதி, வீரரிடமும் படித்துக்காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வீரர் மைதான வாசலில் வந்து நிற்கும்போது, அன்று இருக்கும் பயிற்சியாளர் வேறொருவராக இருந்தாலும், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். அரியலூரிலும் பெரம்பலூரிலும் அணி நடத்துவோர் இந்த ஆண்டுத் தேர்வு முகாம் முடிந்ததும், சேர்த்துக்கொண்டவர்களின் பெயர்களோடு, விடப்பட்டவர்களின் பெயர்களையும் காரணங்களையும் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.